பின்னால் கை கட்டும் டீச்சர்

பாடம் நடக்கும் நேரம் முழுவதும் ஞானகுமாரி டீச்சர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். ஒரு கம்பியைத் தொடமாட்டார், ஒரு திருகைத் தொடமாட்டார். முதல்முறை பார்த்தபோது, இந்த அம்மாளுக்குக் கரண்ட் என்றால் பயம் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். நான் அப்படித்தான். யாரைப் பார்த்தாலும் முதலில் மட்டமாக ஒன்று நினைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

என் பெயர் லட்சுமணன். ராயப்பேட்டையில் ஒரு மாடியில் நடந்துவந்த அறிவியல் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். சங்கத்தின் பெயர் வேண்டாம். அதில் இருந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் எனக்குத் தெருவில் எதிர்ப்படுகிறார்கள். புறநகர்ப் பெண்பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தர வேண்டும் என்று எழுபத்தொன்றாம் வருஷம் அவர்கள் முடிவு செய்தார்கள். முடிவு செய்வதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தேக்கில் ஆறு பெட்டிகள் செய்து, ஒவ்வொன்றிலும் காந்தம், லென்சு, திசைகாட்டி, பேட்டரி செல்கள், செம்புக் கம்பி, சின்ன பல்புகள், மின்சார மணி என்று அடுக்கினார்கள். சனிக்கிழமை மதியம் சம்பளம் வாங்காமல் சொல்லித்தர எந்த ஊரில் ஆள் கிடைக்கிறதோ, அந்த ஊருக்கு ஒரு பெட்டி போகும். ஆறு மாதம் கழித்துச் செயலாளர் நேரில் வருவார். பிள்ளைகள் தாங்களாகவே பரிசோதனைகளைச் செய்து காட்டினால் பெட்டி அங்கேயே தங்கும். காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்து நிற்கும் இடத்துக்குப் போய்விடும்.

கொரட்டூருக்குப் போன பெட்டிக்கு ஞானகுமாரி பொறுப்பு. பிள்ளைகள் டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டார்களே தவிர, உத்தியோகத்தில் அவர் டீச்சர் இல்லை. ஆவடியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் லேப் அட்டெண்டர். சோதனைக்குழாய் கழுவுவது, ஆசிட் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவது, வாத்தியார் கேட்கும் சாமானை எடுத்து நீட்டுவது, இவ்வளவுதான் வேலை. அப்பா பால்ராஜ் பட்டாபிராமில் ராணுவக் கிடங்கு ஒன்றில் காவலாளியாக இருந்தவர். பி.யூ.சி.யில் முதல் வகுப்பு வாங்கிய பெண்ணை மேலே படிக்க வைக்க அவருக்கு ஆசைதான். அதே வருஷம் அவருக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பெண் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. நான் பார்த்தபோது ஞானகுமாரிக்கு வயது முப்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு நல்ல பதில் கிடைத்ததாகவும் தெரியவில்லை.

அந்த லேபில் பன்னிரண்டு வருஷமாக அவர் பார்த்தது ஒரே காட்சி. மேசைக்கு அந்தப் பக்கம் வாத்தியார் செய்வார். இந்தப் பக்கம் நாற்பது பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். முன்வரிசை பையன்களுக்கு. பெண்கள் கடைசியில் நின்று, முன்னால் நிற்பவனின் சட்டை முதுகைப் பார்த்துவிட்டுப் போய், நோட்டில் 'சோதித்து அறிந்தோம்' என்று எழுதுவார்கள். வாத்தியார் அதற்கு நல்லது என்று கையெழுத்தும் போடுவார்.

கை கட்டுவது பற்றி ஒருநாள் கேட்டேவிட்டேன். "நான் தொட்டா அது என்னோட வேலை ஆயிடும் சார்," என்றார். "இதுங்க மறுபடியும் வேடிக்கை பாக்கத்தான் நிக்கும். தொடக் கூடாதுன்னு நினைச்சுப் பாத்தேன், கை கேக்கல. அதான் கட்டிப் போட்டுட்டேன்."

வகுப்பு நடந்தது ஏரிப் பக்கம் மாதர் சங்கக் கட்டடத்தில். கட்டடம் என்றால் ஓடு போட்ட ஒற்றை அறை. சாவி வேம்புலியம்மாளிடம். அவள் முன்பு ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். அம்பத்தூரில் தொழிற்பேட்டை எஸ்டேட் வந்த பிறகு அங்கே ஒரு போல்ட் கம்பெனியில் போல்ட்டுக்கு நட்டு மாட்டிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் சாமுண்டீஸ்வரி, பதின்மூன்று வயது, வகுப்பில் சேர்ந்த பதினெட்டுப் பேரில் மூத்தவள்.

டீச்சர் வேதக்காரர் என்பதால் முதல் மாதமே ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. பெட்டிக்குள் அடியில் பைபிள் இருக்கிறதாம், கடைசி வாரம் எடுப்பார்களாம். நாலு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். வேம்புலியம்மாளுக்கு வந்த கோபத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழாயடியில் திறந்து வைத்தாள்.

"நல்லா பாத்துக்கோங்க. காந்தம் கீது, கண்ணாடி கீது, கம்பி கீது. இதுல எதுனா ஒன் பொண்ண வேதத்துல சேத்துடுமா? சொல்லு!"

நின்ற நாலு பேரும் திரும்பி வந்தார்கள். ஆனால் டீச்சருக்கு அந்தப் பேச்சு உள்ளே போய்த் தங்கிவிட்டது. கழுத்துச் சங்கிலியிலிருந்த சிலுவையை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். பிள்ளைகளின் பொட்டு, கயிறு, தாயத்து எதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசமாட்டார். காந்தத்தோடு தாயத்துத் தகடு ஒட்டுகிறதா என்று ஒரு சின்னப் பெண் பார்க்கப் போனபோது, பேச்சை மாற்றிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். அதையும் நான் பார்த்தேன்.

மாதம் ஒருமுறை போய்ப் பெட்டியில் சாமான்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. அப்படிப் போனபோதுதான் அவர் பாடம் நடத்தும் விதத்தைப் பார்த்தேன். பல்பு எரியவில்லை என்று பிள்ளைகள் கத்தினால் அவர் பதில் சொல்லமாட்டார். "செல்லுலேர்ந்து கம்பி மேலயே விரல வச்சிட்டு வா. எந்த இடத்துல சந்தேகம் வருதோ அங்க நில்லு. அந்த இடத்தச் சோதிச்சுப் பாரு," என்பார். அந்தப் பெண்ணும் விரலை நகர்த்திக்கொண்டு வரும். பத்து நிமிஷம் ஆகும், சில நாள் அரை மணி நேரம் ஆகும். எனக்குக் கை பரபரக்கும். நானே ஒருமுறை எழுந்துபோய் அந்தக் கம்பியைத் திருகப் போனேன். டீச்சர் பார்த்த பார்வையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாவது மாதத்தில் அந்தப் பிள்ளைகள் கழற்றிப் போட்ட மணியை என் உதவியில்லாமல் பூட்டி அடிக்க வைத்தார்கள். என் உதவியிருந்தால் நடந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுபத்திரண்டு அக்டோபரில் செயலாளர் வருவதற்கு நாள் குறித்தோம். ஆயுத பூஜை கழிந்து வரும் சனிக்கிழமை.

எஸ்டேட்டில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று அந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். லேத்து, டிரில்லிங் மிஷின், எடை போடும் தராசு, வாசலில் கார்டு குத்தும் கடிகாரம் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம், பொரி, பூசணிக்காய். வேம்புலியம்மாள் அன்று சாயங்காலம் கம்பெனியில் மிஞ்சிய சந்தனத்தைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள். அம்பத்தூரில் அத்தனை மிஷினுக்கு வைத்துவிட்டு, தன் மகள் கற்றுக்கொள்ளும் பெட்டியை மட்டும் விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. அறையைத் திறந்து, பிள்ளைகளையும் கூட்டி, ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பொட்டு வைத்தாள். லேத்துக்கு எங்கே மின்னுகிறதோ அங்கேதான் வைப்பார்கள். மணியில் மின்னியவை கம்பி மாட்டுகிற இரண்டு பித்தளைத் திருகுகள். அவற்றுக்குத் தாராளமாகவே வைத்தாள். சந்தனம் வாஷருக்கு அடியில் இறங்கி, ஐந்து நாளில் சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிவிட்டது. லேத்துக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. மணிக்கு ஆகும்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வந்து பெட்டியைத் திறந்த டீச்சர் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்தவுடனேயே என்ன நடக்கும் என்றும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் சுவரோரம் பிள்ளைகளின் அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் வேம்புலியம்மாள் புதுப் புடவையோடு. சிலுவை போட்ட பெண் எல்லார் முன்னாலும் சாமிப் பொட்டைத் துடைப்பதா? இறுக்கித் திருகினால் கம்பி சந்தனத்தை வெட்டிக்கொண்டு போய்விடும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு பெட்டியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்.

மூன்று மணிக்கு நானும் செயலாளர் வீரராகவனும் அம்பாசிடரில் போய் இறங்கினோம். அவர் ஓய்வுபெற்ற இஞ்சினியர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்து முடித்தவர், அவ்வளவுதான். ஏரிக்கு மேலே மழை கறுத்துக்கொண்டிருந்தது. ஐந்தரைக்கு மயிலாப்பூரில் அவருக்கு ஒரு கல்யாண வரவேற்பு.

காந்தம், லென்சு, திசைகாட்டி எல்லாம் நன்றாகவே நடந்தன. கடைசியில் மணி. கம்பிகளை சாமுண்டீஸ்வரி பூட்டினாள். வகுப்பிலேயே சின்னவள் பேபி, பத்து வயது, சுவிட்சை அழுத்தும் பெருமை அவளுக்கு. அழுத்தினாள். சத்தமே இல்லை. மறுபடியும் அழுத்தினாள். எண்ணெய் வழிய வாரிய அந்தத் தலை மெல்லத் திரும்பி டீச்சரைப் பார்த்தது.

"செல் தீர்ந்திருக்கும்," என்றார் வீரராகவன்.

சாமுண்டீஸ்வரி ஒரு பல்பை எடுத்து செல்லில் வைத்துக் காட்டினாள். எரிந்தது. பிறகு விரலைக் கம்பி மேல் வைத்தாள். செல்லிலிருந்து சுவிட்சு, சுவிட்சிலிருந்து மணி, மெதுவாக வந்தது விரல். மணியின் பித்தளைத் திருகு மேல் வந்து நின்றது. நின்றதுதான், அப்புறம் நகரவே இல்லை. அவள் நிமிர்ந்து தன் அம்மாவைப் பார்த்தாள். மறுபடி விரலைப் பார்த்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பார்ப்பவர்களுக்கு அந்தப் பெண் வழி தெரியாமல் விழிக்கிறாள் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

"நீங்களே ஒருமுறை செய்து காட்டிவிடுங்களேன் அம்மா," என்றார் வீரராகவன். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"நான் செஞ்சா எனக்குத் தெரியும்னுதான் சார் ஆகும்," என்றார் டீச்சர். அவருடைய முகம் வெளுத்துப் போயிருந்தது. "கொஞ்சம் டைம் குடுங்க. கண்டுபிடிச்சுடுவாங்க."

வீரராகவன் இன்னும் ஐந்து நிமிஷம் கொடுத்தார். பிறகு எழுந்தார். வாசற்படியில் நின்று என்னிடம் மூன்று வரி சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். 'முக்கியமான பரிசோதனையை மாணவிகளால் செய்துகாட்ட இயலவில்லை. ஆசிரியையும் முன்வரவில்லை. பெட்டியை அடுத்த இடத்துக்கு மாற்றலாம்.' சாமான்களைச் சரிபார்த்துவிட்டு ரயிலில் வந்துவிடும்படி சொல்லிவிட்டுக் கார் ஏறிப் போய்விட்டார்.

நான் உள்ளே வந்தபோது சாமுண்டீஸ்வரியின் விரல் அதே இடத்தில் இருந்தது.

"இன்னாடி, கைய அங்கியே வெச்சிகினு கீற?" என்றாள் வேம்புலியம்மாள்.

"பொட்டும்மா."

"இன்னா பொட்டு?"

"நீ வெச்ச பொட்டுதாம்மா. கரண்டு அத்த தாண்டி போவ மாட்டேங்கிது." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

வேம்புலியம்மாள் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.

"அடிப் பாவி! அத்த அந்தாளு கீறப்பவே சொல்றதுக்கு இன்னா உனுக்கு? சாமிக்கு வெச்சது அன்னிக்கே சாமிக்குப் போயி சேந்தாச்சி. தொடச்சா கோச்சிக்கப் போவுதா?" முந்தானையை எச்சிலில் நனைத்துத் தேய்த்தாள், அது போகவில்லை. சாமுண்டீஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே திருகைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பூட்டினாள். பேபி அழுத்தினாள்.

அந்த ஓட்டுக் கட்டடத்தில் அது எப்படிக் கேட்டது தெரியுமா! அம்மாக்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பதினெட்டுப் பேரும் ஆளுக்கொரு தடவை அழுத்தினார்கள். சாமான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். செயலாளர் போய் இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். சிரித்தாரா அழுதாரா, நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அந்த மூன்று வரியையும் சொன்னபடியே டைப் அடித்தேன். கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது வீரராகவன் பேனாவை எடுத்து, ஒரு நிமிஷம் யோசித்து, "நான் கிளம்பி வந்த பிறகு அங்கே வேறு ஏதாவது நடந்தது உண்டா, லட்சுமணன்?" என்று கேட்டார்.

"இல்லை சார்," என்றேன்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அதனால் பயந்தேன் என்று பின்னால் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மை இல்லை. பயப்பட ஒன்றுமே இல்லை, அவராகவே கேட்டார். உண்டு என்று சொன்னால் கடிதத்தை மறுபடி டைப் அடிக்க வேண்டும், அவர் நாலு கேள்வி கேட்பார், கொரட்டூருக்கு இன்னொரு தடவை போக வேண்டியிருக்கும். அவ்வளவுதான் காரணம்.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி போனாலும் டீச்சரின் வகுப்பு நிற்கவில்லை. மூர் மார்க்கெட்டில் பழைய மணியும் உடைந்த மீட்டரும் பொறுக்கி வந்து, எஸ்டேட் கழிவில் கிடைத்த கம்பியை வைத்து, எழுபத்தெட்டு வரை கொரட்டூரில் சனிக்கிழமை தவறாமல் நடத்தினார். நடுவில் இரண்டு வருஷம் பூந்தமல்லி பஸ் பிடித்து சென்னீர்குப்பத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து போய்வந்தார். சாமுண்டீஸ்வரி இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறாள். மற்றவர்களில் பெரும்பாலோர் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டில் ஃபியூஸ் போனால் யார் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. டீச்சர் இன்னும் அதே பள்ளியில் அதே லேப் அட்டெண்டர்தான்.

ஆனால் ஞானகுமாரி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது இது எதுவும் இல்லை, பெட்டியை எடுத்துவரப் போன அந்தச் சனிக்கிழமைதான்.

வகுப்பு நேரத்தில்தான் போனேன். டீச்சர் சாமான்களை ஒவ்வொன்றாகப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கொடுத்தார். ஒரு பல்புகூடக் குறையவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பொட்டுதான் காரணம்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமே. அன்னிக்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றேன். குற்றத்தை அவர் தலையில் கட்டிவிட்டால் எனக்குக் கொஞ்சம் இலேசாகும் என்று தோன்றியது.

"சொல்லியிருக்கலாம்," என்றார். "பிள்ளைங்களே கண்டுபிடிக்கணும்னு வாய மூடிட்டு நின்னேன்னு சொல்லிக்கலாம். பாதிதான் அது சார். பாதி பயம். பொட்ட நான் தொட்டா ஊரு இன்னா சொல்லுமோன்னு பயந்தேன். போன வாரம் இதுங்ககிட்ட அத சொல்லிட்டேன். வேம்புலியம்மா என்ன திட்டித் தீத்துட்டாங்க." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் சார். இதுங்க எதிர்லயே கேக்கறேன்," என்றார்.

பதினெட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள்.

"அன்னிக்கி மணி அடிச்சப்ப சார் இங்கதான் இருந்தாரு. அடிச்சுதா சார்?"

"அடிச்சுது," என்றேன்.

"யாரு பூட்டுனது?"

"இவங்கதான். யாரும் ஒத்தாசை பண்ணல."

டீச்சர் தலையை ஆட்டினார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான் போலிருக்கிறது. பிள்ளைகளுக்கு அது வெளியாள் ஒருவர் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது, கேட்டாயிற்று. நானும் பெட்டியை மூடக் குனிந்தேன். அப்போதுதான் பேபி முன்னால் வந்தாள்.

"அத்த அந்தப் பெரிய சாராண்ட சொன்னியா சார் நீ?"

"இல்லம்மா," என்றேன்.

"அவரு கேக்கலியா?"

பொய் சொல்லலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. ஏனோ வாய் வரவில்லை.

"கேட்டாரு," என்றேன்.

பத்து வயதுப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், நானும் நின்றேன். அன்று பட்ட வெட்கத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை. பெட்டி நல்ல கனம். அதைத் தூக்கி என் தலையில் வைக்க வேம்புலியம்மாள்தான் எழுந்து வந்து ஒரு கை கொடுத்தாள்.